குழாய் இணைக்கும் கலையின் வரலாறு

இரும்பையும் இரும்பையும் ஒன்றாக்கும் தொழில் மிகத் தொன்மையானது. கொல்லன் தன் உலைக்களத்தில் இரு இரும்புத் துண்டுகளையும் வெண்மை படரும்வரை காய்ச்சி, பட்டறைக் கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கினான். கலப்பையும் கத்தியும் வண்டிப் பட்டாவும் அவ்வாறே உருவாயின. அந்த இணைப்பு உறுதியானதா என்பதைக் கொல்லனே திருப்பிப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் அறிந்துகொள்ள முடிந்தது.

குழாயின் கதை வேறு. இரு குழாய்களை முனையோடு முனை பொருத்தி ஒன்றாக்கும்போது, தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பக்கம் மட்டுமே. நீராவியும் எண்ணெயும் எரிவாயுவும் தாக்கும் உட்பக்கம் அவன் பார்வைக்கு எட்டாது. ஆயினும் இணைப்பின் ஆயுளைப் பெரும்பாலும் அந்த உட்பக்கமே முடிவு செய்கிறது. காண முடியாத பக்கத்தைக் குறையின்றி அமைப்பது எப்படி? இந்த ஒரு கேள்விக்கு விடை காண மனிதனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையின் வரலாறே 'டிக்' என்று தொழிற்சாலைகளில் வழங்கும் டங்ஸ்டன் மந்த வாயுப் பற்றவைப்பின் வரலாறு.

மின்வில்லும் காற்றின் பகைமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, இரு கரித் துண்டுகளுக்கிடையே மின்சாரத்தைப் பாய்ச்சிக் கண்கூசும் ஒளியை உண்டாக்கிக் காட்டினார். மின்வில் எனப்படும் அவ்வொளியின் வெப்பத்தைக் கொண்டு உலோகத்தை உருக்கி ஒட்டலாம் என்பதை 1880களில் ரஷியப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்டோஸ் செய்து காட்டினார். அவரும் ஸ்தனிஸ்லாவ் ஒல்ஷெவ்ஸ்கியும் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றனர். கரிக்குப் பதிலாக உலோகக் கம்பியையே மின்வாயாக்கி, அதுவே உருகி இணைப்பை நிரப்புமாறு செய்தவர் நிக்கோலாய் ஸ்லாவ்யானோவ், ஆண்டு 1888. அமெரிக்காவில் கோஃபின் என்பாரும் 1890இல் அத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் உருகிய இரும்புக்குக் காற்று பெரும் பகையாயிற்று. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தினுள் புகுந்து, அது உறைந்தபின் நொறுங்கும் தன்மையையும் நுண்துளைகளையும் உண்டாக்கின. பார்வைக்கு நன்றாகத் தோன்றிய இணைப்பு, பாரம் ஏறியதும் பிளந்தது.

இக்குறையைப் போக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆஸ்கார் ஷெல்பெர்க் ஒரு வழி கண்டார். மின்வாய்க் கம்பியின்மேல் பூச்சு ஒன்றைப் பூசினார். மின்வில்லின் வெப்பத்தில் அப்பூச்சு எரிந்து புகையையும் கசடையும் எழுப்பி, உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து மறைத்தது. கப்பல்களும் பாலங்களும் அம்முறையால் எழுந்தன. இன்றும் தொழிற்கூடங்களில் குச்சி வெல்டிங் என்று வழங்குவது அதுவே.

எனினும் குழாய்க்கு அது முழு விடையாகவில்லை. இணைப்பின் அடியில் கசடு சிக்கிக்கொண்டால், உட்பக்கத்தில் அதைச் சுரண்டி எடுக்க வழியில்லை. உருகிய உலோகம் உள்ளே சொட்டி முள்முள்ளாக உறைந்தால், அது குழாயின் ஓட்டத்தைத் தடுக்கும். இதற்கு அஞ்சி இணைப்பின் உட்புறத்தில் ஒரு வளையத்தை வைத்து, அதன்மேல் பற்றவைக்கும் வழக்கம் எழுந்தது. வளையம் குழாயினுள்ளேயே தங்கிவிடும். வளையத்துக்கும் குழாய்ச் சுவருக்கும் இடைப்பட்ட இடுக்கில் ஈரமும் உப்பும் தேங்கி அரிப்பு தொடங்கும். ஒரு குறையை நீக்க வந்த வளையம் மற்றொரு குறைக்கு இடமளித்தது.

சோம்பேறி வாயு

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1894இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக மறைந்திருந்த ஒரு புதிய வாயுவைக் கண்டறிந்தனர். அது எதனோடும் சேரவில்லை, எரியவில்லை, எதையும் எரிக்கவுமில்லை. ஆகவே கிரேக்க மொழியில் 'சோம்பியிருப்பது' என்னும் பொருள் தரும் சொல்லால் அதற்கு ஆர்கான் என்று பெயரிட்டனர்.

ஹீலியத்தின் கதையில் தென்னிந்திய மண்ணுக்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண, பிரெஞ்சு வானியலார் ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளோடு காத்திருந்தார். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியை அவர்கள் பிரித்து ஆராய்ந்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் லாக்கியர், சூரிய ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு அதுவரை அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை எனக் கண்டார். சூரியனின் பெயரால் அத்தனிமம் ஹீலியம் எனப்பட்டது. 1895இல் ராம்சே அதைப் பூமியிலும் கண்டெடுத்தார். சூரியனில் முதலில் அறியப்பட்ட பொருள், பிற்காலத்தில் பட்டறைக்குள் வந்து பணிபுரியும் என்று அன்று யார் நினைத்திருப்பர்?

எதனோடும் சேராத வாயு எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஹோபார்ட், டெவர்ஸ் ஆகிய இருவரும் 1920களில் விடை தேடினர். மின்வில்லைச் சுற்றி அவ்வாயுவைப் பாய்ச்சினால் காற்று விலகும். வாயு தானும் உலோகத்தைத் தீண்டாது. 1930இல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் அக்காலத்தில் அவ்வாயுக்களின் விலை மிகுதி. பூச்சுக் குச்சியே போதும் என்று தொழிலுலகம் இருந்துவிட்டது.

போர் தந்த தேவை

இரண்டாம் உலகப் போர் அந்நிலையை மாற்றியது. கலிபோர்னியாவின் ஹாதோர்ன் நகரிலிருந்த நார்த்ரப் விமான நிறுவனம், மக்னீசியத்தால் ஒரு போர் விமானத்தைக் கட்ட முற்பட்டது. போரின்போது அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரலாம் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். மக்னீசியம் எடை குறைந்த உலோகம்; ஆனால் காற்றில் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதைப் பழைய முறைகளால் பற்றவைப்பது அரிதாக இருந்தது.

அந்நிறுவனத்தின் ரசல் மெரிடித், டங்ஸ்டன் மின்வாயையும் ஹீலியம் வாயுவையும் இணைத்து 1941இல் ஒரு முறையை நிறைவுசெய்தார். டங்ஸ்டன் 3,400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில்தான் உருகும். ஆகவே மின்வாய் கரையாமல் நிற்க, மின்வில் மட்டும் உலோகத்தை உருக்கியது. நிரப்பு உலோகம் தேவையானால், மறுகையால் தனிக் கம்பியைக் கொடுத்துக்கொள்ளலாம். வெப்பம் ஒரு கையிலும் உலோகம் மறுகையிலுமாகப் பிரிந்தன. தொழிலாளி உருகிய குளத்தைக் கசடின் மறைப்பின்றித் தன் கண்ணாலேயே பார்த்து ஆளும் நிலை வந்தது. 1942இல் மெரிடித்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஹீலியத்தையும் மின்வில்லையும் சேர்த்து 'ஹெலியார்க்' என்று அம்முறை பெயர் பெற்றது.

எக்ஸ்பி-56 எனப்பட்ட அவ்விமானம் 1943இல் பறந்தபோதிலும் போர்க்களம் காணவில்லை. விமானம் மறைந்தது, அதற்காகப் பிறந்த தொழில்முறை நிலைத்தது. லிண்டே நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, நீரால் குளிர்விக்கப்படும் டார்ச்சுகளை உருவாக்கிப் பரப்பியது. போருக்குப்பின் காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் ஆலைகள் பெருகின. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பிரிக்கும்போது ஆர்கானும் உடன் கிடைத்தது. காற்றைவிடக் கனமான ஆர்கான் இணைப்பின்மேல் படிந்து நன்கு மூடியது. மின்வில்லும் அதில் அமைதியாக நின்றது. நாளடைவில் ஹீலியத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஆர்கானே பிடித்தது. பட்டறைகளில் இன்றும் பலர் இதனை 'ஆர்கான் வெல்டிங்' என்றே அழைப்பதன் காரணம் இதுதான்.

மின்வாய்க்கு வேண்டிய டங்ஸ்டன் மலாயா மண்ணிலும் கிடைத்தது. வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பேர்பெற்ற பேராக்கில், ஈப்போவுக்கு அருகிலுள்ள கிராமாட் புலாயில் 1930களில் டங்ஸ்டன் தாது தோண்டி எடுக்கப்பட்டது.

வேர்த்தடம்

தடித்த குழாயை ஒரே தடவையில் பற்றவைக்க இயலாது. அடியிலிருந்து அடுக்கடுக்காக உலோகத்தை நிரப்ப வேண்டும். இவற்றுள் முதல் அடுக்கைத் தொழிலாளர் 'ரூட்' என்பர். தமிழில் வேர்த்தடம் எனலாம். மரத்துக்கு வேர் எப்படியோ, இணைப்புக்கு இத்தடம் அப்படி. வேரில் குறையிருக்க மேலே எத்தனை அடுக்கு அழகாக அமைந்தும் பயனில்லை. கசடில்லாத ஆர்கான் முறை இந்த முதல் தடத்துக்கென்றே பிறந்ததுபோல் பொருந்தியது. வேர்த்தடத்தை ஆர்கானாலும், மேல் அடுக்குகளை விரைவான குச்சி முறையாலும் முடிக்கும் வழக்கம் கொதிகலன் கூடங்களிலும் எண்ணெய் ஆலைகளிலும் வேரூன்றியது.

அதன் செய்முறை பொறுமையைக் கேட்பது. குழாய் முனைகள் ஏறத்தாழ 30 முதல் 37.5 பாகை வரை சரிவாகச் சீவப்படுகின்றன. சரிவின் அடியில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாத மழுங்கிய விளிம்பு விடப்படும். இரு குழாய்களுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். உள்ளும் புறமும் துருவும் எண்ணெயும் நீங்கி உலோகம் பளிச்சிட வேண்டும். பின்னர் நான்கு இடங்களில் சிறு ஒட்டுகள் இட்டு, ஒவ்வோர் ஒட்டின் முனையையும் கிரைண்டரால் மெலிதாகச் சரித்துவிடுவர். தடம் அந்த ஒட்டில் வந்து சேரும்போது அடிவரை உருகிக் கலப்பதற்கே இந்த ஏற்பாடு.

துருப்பிடிக்கா எஃகாயின் மற்றுமொரு வேலை உண்டு. வெளியே ஆர்கான் மூடியிருக்க, உள்ளே காற்று இருந்தால் வேரின் உட்பக்கம் கரிந்து கரடுமுரடாகிவிடும். சர்க்கரை பூத்ததுபோல் என்று தொழிலாளர் அதைச் சொல்வர். அவ்விடத்தில் உலோகம் துருவை எதிர்க்கும் ஆற்றலை இழக்கும். ஆதலின் குழாயின் இரு பக்கங்களையும் அடைத்து, உள்ளேயும் ஆர்கானைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுவர். உள்ளிருக்கும் ஆக்சிஜன் மிக நுண்ணிய அளவுக்குக் குறைந்த பின்னரே மின்வில் எழுப்பப்படும். உள்வாயுவின் அழுத்தம் மிகுந்தாலும் கேடுதான். தடத்தை முடிக்கும் கடைசி அங்குலத்தில் அது உருகிய உலோகத்தை வெளியே தள்ளி, வேரில் குழி உண்டாக்கும்.

மின்வில் எழுந்ததும் இரு விளிம்புகளும் உருகி, முன்னே சாவித் துளைபோல் ஒரு சிறு துளை தோன்றும். அத்துளை அடிவரை உருகியதற்குச் சான்று. துளை மறைந்தால் வேர் பிடிக்கவில்லை. துளை பெருத்தால் உலோகம் உள்ளே தொங்கும். வலக்கையின் டார்ச்சு அந்தத் துளையை ஒரே அளவில் வைத்திருக்க, இடக்கை கம்பியைத் துளையின் விளிம்பில் ஊட்டிக்கொண்டே போகும். கடிகார முகத்தைக் குழாயாக எண்ணினால், ஆறு மணிக்குரிய அடியில் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்குரிய உச்சிக்கு ஏறுவது வழக்கம். அடியில் உருகிய உலோகம் புவியீர்ப்பால் கீழிறங்கி வேரைக் குழிவாக்க முனையும். உச்சியில் அதே ஈர்ப்பால் உள்ளே தொங்க முனையும். ஒரே வட்டத்தைச் சுற்றி வருவதற்குள் கையின் கோணமும் வேகமும் பலமுறை மாற வேண்டும். முடிக்கும்போதும் மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்து, உலோகம் உறையும்வரை டார்ச்சை அகற்றாமல் வாயுவால் மூடியிருக்க வேண்டும். சட்டென எடுத்தால் முடிவிடத்தில் சிறு விரிசல் விழும்.

இத்திறனைச் சோதிக்கக் குழாயை 45 பாகை சாய்வில் அசையாது நிறுத்தி, அதைச் சுற்றிப் பற்றவைக்கச் சொல்வர். '6ஜி' எனப்படும் இத்தேர்வில் தட்டை, செங்குத்து, தலைக்குமேல் ஆகிய நிலைகள் யாவும் கலந்து வருகின்றன. தேர்வில் வென்றோர்க்குப் பல நாட்டு ஆலைகளின் கதவுகள் திறந்தன.

129 உயிர்கள்

இணைப்பின் மறைவான பக்கம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை 1963 ஏப்ரல் 10ஆம் நாள் உலகம் கண்டது. அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி 'திரெஷர்' ஆழச் சோதனையின்போது அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கியது. அதிலிருந்த 129 பேரும் மாண்டனர்.

விசாரணை நீதிமன்றம், எந்திர அறையில் கடல் நீர் ஓடும் குழாயின் இணைப்பு ஒன்று உடைந்திருக்கக்கூடும் என்று கருதியது. அக்கப்பலில் அத்தகைய குழாய்களைப் பெருமளவில் வெள்ளிக் கலவையை உருக்கி இணைத்திருந்தனர். வெளியே பார்த்தால் கலவை வளையமாகத் தெரியும். உள்ளே அது முழுதும் பரவியதா என்பது தெரியாது. மூழ்குவதற்குமுன் துறைமுகப் பணியின்போது 145 இணைப்புகளை மீயொலியால் சோதித்தனர். அவற்றுள் ஏறத்தாழ 14 விழுக்காடு தரத்துக்குக் குறைந்தவை எனத் தெரிந்தது. ஏனையவை சோதிக்கப்படாமலே கப்பல் கடலுக்குச் சென்றது.

அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை 'சப்சேஃப்' என்னும் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கடல் நீரின் அழுத்தத்தைத் தாங்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் பொருளின் சான்றும் செய்தவரின் தகுதியும் சோதனையின் பதிவும் இருந்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. அத்திட்டத்தின் சான்று பெற்ற நீர்மூழ்கி எதுவும் அதன்பின் கடலில் மறையவில்லை. 'பார்வைக்கு நன்று' என்ற சொல்லுக்கு அன்றோடு மதிப்புக் குறைந்தது. 'சோதித்து அறியப்பட்டது' என்ற சொல்லே மதிப்புப் பெற்றது.

ஆயினும் உலகம் ஒரே பாடத்தில் திருந்திவிடவில்லை. 1980 மார்ச் 27இல் வடகடலில் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தனர். அதன் தாங்கு குழாய் ஒன்றில், ஒலியறியும் கருவியைப் பொருத்துவதற்காக இடப்பட்ட 6 மில்லிமீட்டர் பற்றவைப்பின் குறையிலிருந்தே வெடிப்பு வளர்ந்தது என ஆய்வில் தெரிந்தது. பெரிய இணைப்புகளைக் காத்தவர்கள் சிறியதொன்றைப் பொருட்படுத்தவில்லை.

தமிழர் கைவண்ணம்

இவ்வரலாற்றில் தமிழ் உழைப்பாளிக்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்து 1960களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை, பற்றவைப்பை ஓர் ஊரின் தொழிலாகவே ஆக்கியது. ஒரு பெரிய கொதிகலனில் ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கசிந்தாலும் மின்நிலையமே நிற்க நேரும். அங்கு 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. திருச்சி வட்டாரத்தில் சிறு பட்டறைகள் பல கிளைத்தன. அங்குத் தொழில் கற்ற இளைஞர்கள் கடல் கடந்தும் சென்றனர்.

சிங்கப்பூரில் 1961இல் புக்கோம் தீவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பலராகப் பணிபுரிந்த செம்பவாங் கடற்படைத் தளம், ஆங்கிலேயர் வெளியேற முடிவுசெய்ததும் 1968இல் வணிகக் கப்பல் பட்டறையாக மாறியது. மலேசியாவில் 1960களில் போர்ட்டிக்சனில் சுத்திகரிப்பாலைகள் எழுந்தன. சரவாக்கின் பிந்துலுவிலிருந்து 1983இல் திரவ எரிவாயு முதன்முதலாகக் கப்பலேறியது. அவ்வாயு சுழியத்துக்குக் கீழ் 162 பாகை குளிரில் திரவமாக நிற்பது. சாதாரண எஃகு அக்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே அதை ஏந்தத் துருப்பிடிக்கா எஃகுக் குழாய்கள் வேண்டும். அக்குழாய்களின் வேர்த்தடத்துக்கு ஆர்கான் முறையே உரியது.

எந்திரமும் மனிதனும்

1960களில் வானூர்தித் துறையின் தேவையால், குழாயைச் சுற்றித் தானே ஓடிப் பற்றவைக்கும் எந்திரம் வந்தது. இன்று நுண்சில்லு ஆலைகளிலும் மருந்தாலைகளிலும் அதுவே ஆட்சி செய்கிறது. மின்வாயில் சேர்க்கப்பட்டு வந்த தோரியம் கதிரியக்கம் உடையது என்பதால், சீரியமும் லாந்தனமும் கலந்த மின்வாய்கள் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. தொழிலாளியின் நுரையீரலையும் கருதும் காலம் வந்திருப்பது நல்ல மாற்றமே.

ஆனால் இரு குழாய்களுக்கிடையே கை மட்டும் நுழையக்கூடிய சந்திலும், கப்பலின் அடியறையிலும், பழைய ஆலையின் பழுதுபார்ப்பிலும் எந்திரம் புக இடமில்லை. அங்கு இன்றும் மனிதன்தான் மல்லாந்து கிடந்து, ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் கம்பியுமாகத் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சில இடங்களில் அவன் பார்வை நேராக எட்டாமல், கண்ணாடியில் தெரியும் நிழலைப் பார்த்தே பணியை முடிக்கிறான்.

எக்ஸ்ரேயும் மீயொலியும் குறையைக் காட்டும். குறை நேராமல் தடுப்பவன் தொழிலாளியே. வேர்த்தடத்தின்மேல் அடுத்த அடுக்கு ஏறியதும் அவன் செய்த வேலை மறைந்துவிடுகிறது. வண்ணம் பூசியபின் இணைப்பு இருந்த இடமே தெரிவதில்லை. எந்தக் குழாயிலும் அவன் பெயர் ஊரார் படிக்கும்படி பொறிக்கப்படுவதில்லை. சோதனைப் பதிவேட்டில் ஓர் எண்ணாகவே அவன் நிற்கிறான். ஆயினும் வீட்டில் விளக்கு எரிவதும் அடுப்பில் நீலச் சுடர் தோன்றுவதும் கப்பல் கரை சேர்வதும் அந்த எண்ணுக்குரியவனின் நேர்மையால்தான். காண்பார் இல்லாத இடத்திலும் குறையின்றிச் செய்த அக்கைகளைத் தமிழ்ச் சமுதாயம் அறிந்து போற்ற வேண்டும். அத்தொழிலைக் கற்கும் இளைஞனும் தன் பணியைத் தாழ்வாக எண்ணாது, ஒரு நூற்றாண்டின் அறிவு தன் கையில் சேர்ந்திருப்பதை உணர்ந்து தலைநிமிர வேண்டும்.